கிளவுஸுக்கு நாலாயிரம், மணிக்கட்டுக்கு நாமம்

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரோ கடைக்காரரோடு தகராறு என்று நினைக்க வேண்டாம். தகராறு நம்மோடுதான். டெல்லி, குர்கான், நொய்டா பக்கம் பிழைக்க வந்து, ஃப்ளாட் வாங்கி, பிள்ளைகளை வாரம் மூன்று நாள் குத்துச்சண்டை வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களோடு. நானும் அந்த ஜாதிதான். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்றரை வருஷமாகப் போகிறாள்.

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். குத்துச்சண்டையில் பிள்ளையின் கையையும் மணிக்கட்டையும் முதலில் காப்பாற்றுவது கிளவுஸ் இல்லை. கிளவுஸுக்கு உள்ளே சுற்றுகிற நாலரை மீட்டர் துணி. நாம் கிளவுஸுக்கு ஆயிரக்கணக்கில் அழுகிறோம். துணியை மறந்துவிடுகிறோம். வாங்கினாலும் கட்டத் தெரியாது. கட்டத் தெரிந்த கோச் சொல்லித்தர மாட்டார். கேட்கவேண்டிய நாம் கேட்க மாட்டோம்.

அந்தத் துணியைக் கடைக்காரர் 'ஹேண்ட் ராப்' என்பார். ஹரியானா பையன்கள் 'பட்டி' என்பார்கள். நானும் பட்டி என்றே எழுதுகிறேன். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி ஞாபகத்துக்கு வந்தால் கம்பெனி பொறுப்பல்ல :-)

இந்த மோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். இங்கிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில் பிவானி. 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங் வெண்கலம் வாங்கினார். குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2012 லண்டனில் மேரி கோம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் லவ்லினா. 2022-லும் 2023-லும் நிகத் ஸரீன் உலக சாம்பியன். போதாக்குறைக்கு 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வேறு வந்து, வடசென்னைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத அப்பாக்களுக்கும் பரம்பரை ஞாபகம் கிளம்பிவிட்டது. நல்லதுதான். நம் பெண் பிள்ளைகள் மூச்சு வாங்க மூட்டையைக் குத்துவதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் பதக்கப் படத்தில் தெரிவது கிளவுஸ். பட்டி உள்ளே ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் நாம் வாங்குகிறோம்.

எங்கள் பக்கத்து அகாடமி ஒன்றின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஏனென்றால் இது அவர்கள் ஒருவரின் கதை மட்டும் இல்லை. சேரும் நாளிலேயே 'கிட்' என்று ஒரு பை. கிளவுஸ், தலைக்கவசம், அகாடமி பெயர் போட்ட டி-ஷர்ட், அரை டிராயர், ஒரு தண்ணீர் பாட்டில். ஆறாயிரத்துச் சொச்சம். அதில் கிளவுஸ் மட்டும் நாலாயிரம். பட்டி இல்லை. 'ஏன் சார் இல்லை?' என்று கேட்டேன். "பச்சோங் கோ பட்டி கீ ஸரூரத் நஹீங், பாய்சாப். பெஹ்லே ஹாத் மஸ்பூத் ஹோனே தோ." அதாவது, சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டி தேவையில்லையாம், முதலில் கை உரமேறட்டுமாம்.

தண்ணீர் பாட்டில் தேவை. பட்டி தேவையில்லை!

இந்த 'உரமேறட்டும்' வாதம்தான் என்னை இதை எழுத உட்காரவைத்தது. அதனால் கொஞ்சம் கைக்குள்ளே போய்ப் பார்ப்போம்.

ஒரு கையில் மொத்தம் 27 எலும்புகள். விரல்களில் 14, உள்ளங்கைக்குள் 5, மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரி 8. இந்த எட்டும் ஒன்றோடு ஒன்று தசைநார்களால் கட்டப்பட்டவை. மணிக்கட்டு எல்லாப் பக்கமும் வளைவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். எழுத, சமைக்க, கோலம் போட அற்புதமான ஏற்பாடு. முப்பது நாற்பது கிலோ மூட்டையைக் குத்துவதற்கு இயற்கை இதைச் செய்து வைக்கவில்லை.

சரியான குத்து என்றால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியும் முதலில் படவேண்டும். அந்த இரண்டு விரல்களின் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் இறுகப் பொருந்தியவை. விசை அவற்றின் வழியே நேராக முன்கை எலும்புக்குப் போய்விடும். மோதிர விரல், சுண்டு விரலின் எலும்புகள் அப்படி இல்லை, அடியில் ஆடும். குத்துப் பழகாதவன் கோபத்தில் சுவரைக் குத்தினால் பெரும்பாலும் சுண்டு விரலுக்கு நேரான எலும்புதான் கழுத்தில் முறியும். அதற்கு மருத்துவத்தில் 'பாக்ஸர் முறிவு' என்று பெயர். பழகிய பாக்ஸருக்கு அது குறைவு, பழகாதவனுக்கு அதிகம் என்பதுதான் வேடிக்கை. நம் பிள்ளைகள் எல்லோரும் பழகாதவர்கள். அதாவது, முதல் ஆறு மாதம்தான் கைக்கு அதிக ஆபத்து. பட்டி வேண்டாம் என்று கோச் சொல்வதும் அதே ஆறு மாதத்தில்தான்.

இன்னொன்று, பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளையின் எலும்பு நம் எலும்பு மாதிரி இல்லை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கை எலும்பில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வது அங்கிருந்துதான். பதின்வயது முடிகிற சமயத்தில் அது மூடி முழு எலும்பாகும். அதுவரை, சுற்றியிருக்கிற தசைநாரைவிட அந்தத் தட்டுதான் பலவீனம். பெரியவருக்குச் சுளுக்காக முடிகிற அடி, பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டில் விரிசலாக முடியலாம். அந்த இடம் உரமேறுகிற இடம் இல்லை ஐயா. தேறினால் ஒழுங்காக வளரும், கெட்டால் கோணலாக வளரும். அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் எங்கள் டவரில் இருக்கும் மதுரைக்காரர் ஒருவரின் பையனுக்கு இதுதான் நடந்தது. பதிமூன்று வயது. பட்டி கிடையாது. வகுப்பு முடிகிற நேரம், கை சோர்ந்துபோய், வளைத்து ஒரு ஹுக் விட்டிருக்கிறான். மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கிவிட்டது. கோச் பார்த்துவிட்டு 'மோச்' என்றார், சுளுக்கு. களிம்பு தடவி, இரண்டு நாள் ஓய்வு என்று அனுப்பிவிட்டார். மதுரையிலிருந்து பாட்டி போனில் 'புத்தூருக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டு போடுங்கப்பா' என்கிறார். குர்கானிலிருந்து புத்தூருக்கு எங்கே போக? நாலு நாள் கழித்தும் பேனா பிடிக்க முடியவில்லை. அப்புறம்தான் எலும்பு மருத்துவரிடம் போனார்கள். இரண்டு மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வளர்ச்சித் தட்டில் அடி என்றார். நாலு வாரம் மாவுக்கட்டு. அரையாண்டுப் பரீட்சையைச் சொல்லிச் சொல்லி இன்னொருவர் எழுதினார்.

"கிளவுஸ் நல்லதாத்தான் சார் வாங்கினேன், நாலாயிரம் ரூபா" என்று அந்த மனிதர் லிஃப்டில் என்னிடம் சொன்னபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கிளவுஸ் நல்லதுதான். அதில் குற்றமே இல்லை. அது செய்யாத வேலையை அதனிடம் எதிர்பார்க்கச் சொல்லிக் கொடுத்தது யார்?

கிளவுஸ் என்ன செய்கிறது? முட்டியின் மேல் மெத்தை வைக்கிறது. அடியின் அதிர்ச்சியைக் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கிறது. எதிராளியின் முகத்தில் தோல் கிழியாமல் பார்த்துக்கொள்கிறது. 1867-ல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள்தான் கிளவுஸைக் கட்டாயமாக்கின. வெறுங்கைச் சண்டையில் கடைசி ஹெவிவெயிட் பட்டப் போட்டி 1889-ல் சல்லிவனுக்கும் கில்ரெய்னுக்கும் நடந்தது. வெறுங்கையில் சண்டை போட்டவன் எதிராளியின் மண்டையில் முழு பலத்தோடு குத்த யோசிப்பான், ஏனென்றால் உடைவது தன் கை. கிளவுஸ் வந்தபின் அந்த யோசனை போய்விட்டது. அதாவது, கிளவுஸ் கையைக் காத்தது போலவே கையை இன்னும் பலமாக வீசவும் வைத்தது. எட்டவுன்ஸ் மெத்தைக்குள் கை போனவுடன் பிள்ளைக்கு வருகிற தைரியம் இருக்கிறதே, அதே கதைதான்.

மணிக்கட்டை கிளவுஸ் என்ன செய்கிறது? வெளியிலிருந்து ஒரு வெல்க்ரோ பட்டையால் சுற்றிப் பிடிக்கிறது. உள்ளே கை மிதந்துகொண்டிருக்கும். சின்னக் கைக்கு நாம் 'வளருவான்ல' என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியிருந்தால் மிதக்காது, நீந்தும். பள்ளிக்கூட யூனிஃபார்மைப் பெரிதாகத் தைத்து மடித்துப் போடுவது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். கிளவுஸில் அது வேண்டாம்.

பட்டி செய்வது வேறு வேலை. உள்ளங்கையின் ஐந்து எலும்புகளையும் ஒரு கட்டாகச் சேர்த்துப் பிடிக்கிறது, விறகுக் கட்டு மாதிரி. மணிக்கட்டைக் கையோடும் முன்கையோடும் சேர்த்து இறுக்கி, மடங்குகிற தூரத்தைக் குறைக்கிறது. கட்டைவிரலைக் கையோடு கட்டிப்போடுகிறது. கைக்கும் கிளவுஸுக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தை நிரப்புகிறது. பிரிட்டன் ஒலிம்பிக் அணியின் கை, மணிக்கட்டுக் காயங்களை 2005 முதல் 2012 வரை தொடர்ந்து குறித்துவைத்த ஒரு ஆய்வு இருக்கிறது. அதில் முன்னால் நின்ற இரண்டு காயங்கள்: உள்ளங்கை எலும்பு மணிக்கட்டோடு சேருகிற மூட்டு தளர்வது, விரல் முட்டியின் மேலுள்ள நார் உறை கிழிவது. பட்டியும் பயிற்சியும் உள்ள உலகத் தரப் பாக்ஸர்களுக்கே அங்கேதான் அடி. பட்டி சுற்றவேண்டிய இடமும் அதே இரண்டுதான். அவர்கள் கட்டிக்கொண்டு குத்துகிறார்கள், நம் பிள்ளைகள் வெறுங்கையோடு உள்ளே விடுகிறார்கள்.

சரி, திட்டியது போதும். என்ன வாங்குவது, எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

பட்டி: பெரியவர்களுக்கு 180 அங்குலம், அதாவது சுமார் நாலரை மீட்டர். அமெச்சூர் போட்டி விதிகளில் அதிகபட்ச நீளமும் இதுதான். சின்னக் கைக்கு 108 அல்லது 120 அங்குலம் போதும். அதற்குமேல் சுற்றினால் கிளவுஸுக்குள் கை போகாது. அகலம் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். முழுப் பருத்தி ஒரு வகை, லேசாக இழுபடுகிற 'மெக்ஸிகன்' ஒரு வகை. இழுபடுவது கையோடு ஒட்டி உட்காரும், பழகுகிறவர்களுக்குச் சுலபம். ஆனால் இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாது, கவனம். ஒரு முனையில் கட்டைவிரலுக்கு வளையம், மறுமுனையில் வெல்க்ரோ. சில நூறு ரூபாய்தான். இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று துவைத்துக் காயும்போது இன்னொன்று.

கட்டும் முறை: வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, பட்டியைப் புறங்கைப் பக்கமாகக் கொண்டுபோங்கள். உள்ளங்கைப் பக்கமாகப் போனால் கை மூடும்போது அவிழும். விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மணிக்கட்டில் மூன்று சுற்று. சுற்று அந்த மடிப்பு விழுகிற மூட்டின் மேலேயே இருக்கவேண்டும், வளையல் போடுகிற மாதிரி முன்கையில் ஏறிப்போகக் கூடாது. பிறகு உள்ளங்கையைச் சுற்றி, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று. பிறகு விரல் இடுக்குகள் வழியாக ஒவ்வொன்றாகப் போய் மணிக்கட்டுக்குத் திரும்பவேண்டும். கட்டைவிரலை ஒரு சுற்று. மிச்சமெல்லாம் மணிக்கட்டுக்கு. முடிந்ததும் கையை மூடச் சொல்லுங்கள், இறுக்கமாக இருக்கவேண்டும். விரித்தால் தளர்வாக இருக்கவேண்டும். ஐந்து நிமிஷம் கழித்து விரல் நுனி வெளுத்தாலோ மரத்தாலோ அவிழ்த்துத் திரும்பக் கட்டவேண்டும். முதல் வாரம் ஒரு கைக்குப் பத்து நிமிஷம் ஆகும். இரண்டாம் மாதம் என் மகள் மூன்று நிமிஷத்தில் கட்டினாள். ஜடை பின்னத் தெரிந்த வீட்டில் இது ஒரு வித்தையே இல்லை.

கையுறை மாதிரி உள்ளே மாட்டுகிற ஜெல் வகை ஒன்று விற்கிறார்கள், கட்டுகிற வேலை மிச்சம் என்று. முட்டிக்கு மெத்தை உண்டு. மணிக்கட்டுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டைப் பட்டைதான். அவசரத்துக்குச் சரி, பழக்கத்துக்கு வேண்டாம்.

கிளவுஸ்: அதன் மேல் எழுதியிருக்கும் அவுன்ஸ் என்பது கை அளவு இல்லை, ஒரு கிளவுஸின் எடை. 8 அவுன்ஸ் சுமார் 227 கிராம், 10 என்றால் 284, 12 என்றால் 340, 14 என்றால் 397, 16 என்றால் 454. வீட்டில் கேக் செய்கிற எடை மெஷின் இருக்குமே, அதில் ஒன்றை வைத்துப் பாருங்கள். அஞ்சு பத்து கிராம் வித்தியாசம் சகஜம். 12 என்று எழுதியது 270 கிராம் காட்டினால், மெத்தையைக் காணோம் என்று அர்த்தம். திருப்பிக் கொடுங்கள். எனக்குத் தெரிந்து பிராண்டு பெயரைவிட இந்த எடை மெஷின் நாணயமானது.

பொதுவான வழக்கம் இது: ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 6, பத்துப் பன்னிரண்டு வயதுக்கு 8, அதற்கு மேல் 10. பெரியவர்கள் மூட்டையில் குத்த 12 அல்லது 14, ஜோடி சேர்ந்து பயிற்சி செய்ய 14 அல்லது 16. போட்டியில் எடைப்பிரிவைப் பொறுத்து 10 அல்லது 12. டிவியில் பார்த்த அளவைப் பயிற்சிக்கு வாங்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது பட்டியைக் கையில் எடுத்துப் போய், கட்டியபிறகு கிளவுஸைப் போட்டுப் பார்க்கவேண்டும். காலுறை இல்லாமல் ஷூ வாங்குவோமா? விரல் நுனி உள்ளே மேல் விளிம்பைத் தொடவேண்டும். கை முழுதாக மூடவேண்டும். கட்டைவிரல் வலிந்து விலகி நிற்கக் கூடாது, அது கிளவுஸோடு தைத்து இணைக்கப்பட்டிருக்கவேண்டும். மணிக்கட்டுப் பகுதி நீளமாக, விறைப்பாக இருக்கட்டும். வெல்க்ரோ பட்டை அகலமாக, முழுச் சுற்று வருவதாக இருக்கட்டும். போட்டுக்கொண்டு கையை மேலும் கீழும் மடக்கச் சொல்லுங்கள். சுலபமாக மடங்கினால் அது குளிருக்குப் போடுகிற கையுறை. முட்டிப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால், உள்ளே இருக்கிற கையின் முட்டி தட்டுப்படக் கூடாது. விட்டவுடன் மெத்தை எழும்பவேண்டும். குழி அப்படியே நின்றால் அந்த கிளவுஸ் செத்துவிட்டது. வெளியே தோல் பளபளப்பாக இருப்பது கணக்கில் சேராது.

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. மீரட்டும் ஜலந்தரும் விளையாட்டுச் சாமான் செய்கிற ஊர்கள், மீரட் பக்கத்திலேயே. இறக்குமதிப் பெயருக்குக் கொடுக்கிற பணத்தில் பாதிக்கு, கையில் போட்டுப் பார்த்து, எடை போட்டு வாங்கலாம். வெளிநாட்டுப் பெயர் இருந்தால் மணிக்கட்டு மடங்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அகாடமி அலமாரியில் பொதுவாக வைத்திருக்கிற கிளவுஸைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டு மெத்தை தட்டையாகி, மழைக்காலத்தில் நாறி, ஜனவரிக் குளிரில் கல்லாக இறுகி இருக்கும். குளிரில் ஃபோம் இறுகும் என்பது நிஜம். அதோடு விறைத்த கை வேறு. டிசம்பர் ஜனவரியில் முதல் பத்து நிமிஷம் கயிறு தாண்டிவிட்டு, மெதுவாகக் குத்தித்தான் ஆரம்பிக்கவேண்டும்.

மூட்டையும் சாமான்தான், அதை யாரும் பார்ப்பதில்லை. மணல் நிரப்பிய மூட்டையில் மணல் கீழே இறங்கி, அடிப்பாகம் சிமெண்ட் தூண் மாதிரி ஆகிவிடும். சின்னப் பிள்ளை உயரத்துக்குக் குத்துவது அந்த அடிப்பாகத்தில். அடுத்த முறை போகும்போது மூட்டையை மேலிருந்து கீழ்வரை உங்கள் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். கீழே வலித்தால், அங்கே உங்கள் பிள்ளை குத்தக் கூடாது. பழந்துணி நிரப்பிய மூட்டை வேண்டும் என்று கேளுங்கள்.

இனி, இதையெல்லாம் சொன்னால் வருகிற பதில்கள்.

'கோச்சுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?' குத்துவது பற்றி அவருக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. ஆனால் அவரே தன் கைக்குப் பட்டி கட்டாமல் மூட்டையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவர் சொல்வதை விட்டுவிடுங்கள், செய்வதைப் பின்பற்றுங்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு கோச் என்றால், ஆளுக்கு ஐந்து நிமிஷம் கட்டிவிட்டால் வகுப்பே முடிந்துவிடும். 'தேவையில்லை' என்பதன் நிஜ மொழிபெயர்ப்பு 'நேரமில்லை'. அதை அவர் நேராகச் சொன்னால், பெற்றவர்கள் நாம் கால்மணி முன்னால் வந்து கட்டிவிட்டுப் போகலாமே!

'அந்தக் காலத்தில் வடசென்னையில் என்ன பட்டி கட்டிக்கொண்டா பழகினார்கள்?' துணியைக் கிழித்துச் சுற்றிப் பழகியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இல்லாமல் பழகியவர்களில் விரல் கோணிப்போனவர்கள் சினிமாவில் வருவதில்லை. வறுமையால் இல்லாமல் போனதை மரபு என்று நாம் கொண்டாடவேண்டாம், அதுவும் ஆறாயிரத்துக்குக் கிட் வாங்குகிற நாம்.

'என் பிள்ளை சண்டை போடப் போவதில்லை, வெறும் ஃபிட்னஸுக்குத்தான்.' இதுதான் ரொம்ப அடிபடுகிற வாதம், ரொம்பத் தப்பான வாதமும் இதுதான். ஃபிட்னஸ் வகுப்பில் பாட்டுப் போட்டு, நேரம் வைத்து, மூச்சு முட்ட மூட்டையைக் குத்தவைக்கிறார்கள். குத்து எப்படி விழுகிறது என்று பார்க்க ஆளில்லை. சோர்ந்த கையின் மணிக்கட்டுதான் மடங்குகிறது. மூட்டை ஒதுங்காது, தவறாமல் திருப்பி அடிக்கும்.

'பின்னே எதுக்குய்யா குத்துச்சண்டை? பாட்டு கிளாஸுக்கு அனுப்பு.' இது நியாயமான கேள்வி. தலையில் விழுகிற அடியைக் காரணம் காட்டி, 2011-ல் அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை வேண்டாம் என்றே சொன்னார்கள். நான் அதைத் தள்ளிவிடவில்லை. என் மகள் யாரோடும் மோதிப் பயிற்சி செய்வதில்லை, மூட்டையும் கோச் பிடிக்கிற மெத்தையும் மட்டும்தான். இங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான். சரி, தலைக்கு அடியே இல்லை என்று ஆனபின் மிச்சம் இருக்கிற ஆபத்து எங்கே? கையில். ஆனால் கிட்டில் தலைக்கவசம் இருக்கிறது, பட்டி இல்லை. இதைவிடத் தலைகீழாக ஒரு சாமான் பட்டியலைப் போடமுடியுமா சொல்லுங்கள்.

அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் களிம்பு தடவுகிற கூட்டம் நம் வீட்டிலேயே இருக்கிறது. கட்டைவிரலை மேலே தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே முன்கை எலும்பின் மேல் தொட்டால் வலிக்கிறதா? வீக்கம் இருக்கிறதா? பிடி தளர்ந்திருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் அன்றைக்கே எலும்பு மருத்துவர். குழிக்குள் இருக்கிற எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, முறிந்தால் சீக்கிரம் கூடாது. முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். பத்துப் பதினைந்து நாளில் திரும்ப எடுக்கச் சொன்னால் 'பணம் பிடுங்குகிறார்' என்று நினைக்காமல் எடுங்கள். அதுவரை உருவிவிடுவது, சொடுக்கெடுப்பது, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் வேண்டாம்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நம் காம்ப்ளெக்ஸில் மட்டும் பதினோரு தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த வகுப்புக்குப் போகிறார்கள். தண்ணீர் லாரி வராவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்தி போடுகிறவர்கள் நாம். சேர்ந்து மூன்று விஷயம் கேட்போம். ஒன்று, பட்டி கட்டாத கை மூட்டையைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டவேண்டும். இரண்டு, முதல் வாரம் கட்டுவதைச் சொல்லித்தரவேண்டும், குத்துவதை அப்புறம் சொல்லித்தரட்டும். மூன்று, கிட்டில் டி-ஷர்ட்டை எடுத்துவிட்டு இரண்டு ஜோடி பட்டியை வைக்கவேண்டும். விலை குறையும், கூடாது.

நான் தனியாகக் கேட்டபோது கோச் சிரித்தார். 'மதராஸி பாய்சாப் பயப்படுகிறார்' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் கையால் அவள் பரீட்சை எழுதவேண்டும், வீணை வாசிக்கவேண்டும், நாளைக்கு என்ன வேலை பார்க்கப்போகிறாளோ அதைப் பார்க்கவேண்டும். ஒருவர் கேட்டால் பயந்தாங்கொள்ளி. பதினோரு பேர் கேட்டால் விதி. வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் அங்கே இருப்பேன். வருகிறவர்கள் வாருங்கள்.

பி.கு.: பட்டியைத் துவைக்கும்போது வெல்க்ரோவை மூடிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற பட்டுப் பாவாடையையெல்லாம் பிடித்து இழுத்துவிடும். அந்தக் குத்துக்கு எந்த கிளவுஸும் தாங்காது :-)